ஏழாம் நம்பர் சிக்ரிங்

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பத்து மணிபோல, என் கணவரின் தங்கை சிறிதேவி தொலைபேசி எடுத்தாள். அதற்கு முன் அவள் எங்களோடு கதைத்து எட்டு மாதம் இருக்கும். சுகம் விசாரிக்க எடுக்கிற ஆள் அவள் இல்லை. அது எனக்குத் தெரியும். என் கணவருக்குத்தான் ஒருபோதும் தெரிவதில்லை. அவளுடைய பெயரைத் திரையில் கண்டதும் முகம் மலர்ந்துபோய் ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணை, கீழ்வீட்டுச் சிக்ரிங் விழுந்திட்டுது. தூக்கிவிட்டா நிக்குதில்லை. நாளைக்கு விஸ்னிங்."

சிக்ரிங் என்றால் மின்சாரப் பெட்டியில் இருக்கிற, கோளாறு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துகிற பியூஸ் சுவிட்ச். வீடு வாங்க நினைக்கிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கிற நாளை இங்கே நோர்வேஜிய மொழியில் விஸ்னிங் என்பார்கள். அவர்கள் வீட்டை விற்கப்போகிறார்கள் என்பதே அப்போதுதான் எங்களுக்குத் தெரியவந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தி அவரைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"எத்தினையாம் நம்பர்?"

"ஏழு."

"முதல் முழுக்கக் கீழை அமத்திப்போட்டுத் தூக்கினனியே? அரைவாசியிலை நிண்டால் பிடிக்காது."

"எல்லாம் செய்து பாத்திட்டன். டக்கெண்டு விழுகுது."

"எப்ப விழுந்தது?"

"வியாழக்கிழமை பின்னேரம். கீழை ஹீற்றரும் இல்லை, ஐஸ் மாதிரிக் கிடக்கு."

"செருகியிருக்கிறது எல்லாத்தையும் கழட்டு. இனித் தூக்கிப் பாக்காதை, வயர் சூடாகும். நாங்கள் வாறம்."

நாங்கள் வருகிறோம் என்று என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. நான் வெங்காயத்தை மூடி வைத்துவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தேன்.

என் கணவர் பெயர் அருட்செல்வம். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் மின்சாரம் படித்து, ஆறு வருடம் அந்த வேலையே செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு இங்கே வந்ததும் சான்றிதழை மொழிபெயர்த்து அனுப்பினார். கல்லூரியிலிருந்து நேரடியாக உறுதிக் கடிதம் வரவேண்டும் என்றார்கள். கல்லூரிப் பதிவேடுகள் ஷெல் விழுந்து எரிந்துபோனதாக அங்கிருந்து பதில் வந்தது. அப்படியென்றால் முதலிலிருந்து தொழில் பழகி, பரீட்சை எழுதி, ஃபாக்பிரேவ் என்கிற தொழிற்சான்று எடுக்க வேண்டும் என்றார்கள். அப்போது எங்கள் மூத்தவன் பிறந்து நாற்பது நாள். அவர் பாடசாலை ஒன்றில் துப்புரவு வேலைக்குப் போனார். இன்றைக்கும் அதே பாடசாலைதான். சிறிதேவியை இந்த நாட்டுக்கு எடுப்பித்ததும், அவளுக்குச் சோதிலிங்கத்தைப் பேசிக் கலியாணம் செய்துவைத்ததும் அந்தத் துப்புரவு வேலையில் நின்றுகொண்டுதான்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் அவர்கள் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினார்கள். கீழ்த்தளம் வெறும் சிமெந்துக் குகையாகக் கிடந்தது. அதை வீடாக்கி வாடகைக்கு விட நினைத்தார்கள். "நீங்கள் இருக்கேக்கை வெளியாள் எதுக்கு அண்ணை?" என்று சிறிதேவி கேட்டாள். பதிவுசெய்த கம்பனி ஆட்கள் தவிர வேறு யாரும் வீட்டு வயரிங்கைத் தொடக்கூடாது என்பது சட்டம். அது அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அந்தக் கோடை விடுமுறையில் மூன்று கிழமை அவர் அந்தக் குகைக்குள் கிடந்தார். பின்னேரத்தில் தலை முழுக்கச் சிமெந்துத் தூசியோடு வருவார். வந்து, குளிக்காமல், மேசையில் கோட்டுத்தாளை விரித்து, எந்த வயர் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் போகிறது என்று அடிமட்டம் வைத்துப் படம் கீறுவார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரை அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் பனி அள்ளி, மணல் தூவி, இரண்டு பக்கமும் சட்டியில் சிறு ஊசியிலை மரம் வைத்திருந்தார்கள். உள்ளே சாமிப்படங்கள் எல்லாம் மறைந்துவிட்டன. சோபா புதியது. மேசையில் கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். வீட்டை அலங்கரிக்கிற பெண் ஒருத்தி வந்து எல்லாவற்றையும் மாற்றி வைத்துவிட்டுப் போனாளாம். சோதிலிங்கம் வீட்டில் இல்லை. பூ வாங்க ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போயிருப்பதாகச் சிறிதேவி சொன்னாள்.

"அவருக்குச் சொல்லேல்லை நீங்கள் வாறியள் எண்டு," என்றாள் கொஞ்சம் தயங்கி.

என் கணவர் அதையும் காதில் போடவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேராகக் கீழே போனார்.

கீழே கைகள் விறைத்தன. மூச்சு விட்டால் புகை தெரிந்தது. மெழுகுவர்த்தி இரண்டைக் கொளுத்தி வைத்திருந்தாள். அவர் டோர்ச் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போய், செருகியிருக்கிற எல்லாவற்றையும் தானே ஒருமுறை பார்த்தார். சின்னக் குசினியில் குளிர்சாதனப் பெட்டி செருகியபடியே இருந்தது. அதைக் கழற்றினார். பிறகு சிக்ரிங் பெட்டியைத் திறந்து, ஏழாம் நம்பரைக் கீழே அமத்தி மேலே தள்ளினார். டக். விழுந்தது.

"சாமான் ஒண்டிலும் பிழையில்லை," என்றார். "பிழை ஒண்டில் சிக்ரிங்கிலை, இல்லாட்டி வயரிலை."

பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் அவர் கீறிய படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்க டோர்ச்சைத் திருப்பினார். படம் இல்லை. நான்கு மூலையிலும் பசை நாடாவின் மஞ்சள் அடையாளம் மட்டும் இருந்தது.

"படம் எங்கை?"

"தெரியேல்லை அண்ணை. இவர் எதையோ கழட்டினவர், புரோக்கர் ஃபோட்டோ எடுக்க வரேக்கை."

அவர் டோர்ச்சை என்னிடம் தந்தார். பிரதான சுவிட்சை அணைத்து, பெட்டி மூடியைக் கழற்றி, ஏழாம் நம்பரிலிருந்து கீழ்வீட்டுக்குப் போகிற வயரை வெளியே எடுத்தார். மூடியைத் திரும்ப வைத்துப் பிரதான சுவிட்சைப் போட்டு, வெறும் சிக்ரிங்கைத் தூக்கினார். நின்றது. அப்படியென்றால் சிக்ரிங் நல்லது. சுவருக்குள் எங்கேயோ வயர் கெட்டுப்போயிருக்கிறது.

வயர் எங்கே கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அவருடைய கருவிப் பையில் மெகர் என்கிற பழைய கருவி ஒன்று இருக்கிறது. மஞ்சள் நிறம், கைப்பிடி ஒட்டுப்போட்டது. நீண்ட வயரை நடுவில் பிரித்து, இரண்டு பாதியையும் தனித்தனியே சோதித்து, கெட்ட பாதியை மறுபடி இரண்டாகப் பிரித்துக்கொண்டே போனால் இடம் அகப்படும் என்று எனக்கு விளக்கினார். நான் டோர்ச் பிடித்தேன். கதவுப் பக்கம் நல்லது. ஜன்னல் பக்கம் கெட்டது. ஜன்னல் பக்கத்தில் மூன்று பிளக் பொயின்ற். முதலாவது வரைக்கும் நல்லது. இரண்டாவது வரைக்கும் நல்லது. மூன்றாவதுக்குப் போகிற துண்டில் முள் பூச்சியத்தில் நின்றது; கெட்டது அதுதான்.

அந்த மூன்றாவது பிளக்குக்கு நேர் மேலே, சுவரில், ஆள் உயரக் கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது.

"உதைக் கழட்ட வேணும்," என்றார்.

அப்போதுதான் படியில் சத்தம் கேட்டது. சோதிலிங்கம் கையில் வெள்ளை ரியூலிப் பூக்களோடு நின்றான். எங்களைக் கண்டதும் முகம் ஒரு கணம் விழுந்து, பிறகு நேரானது.

"என்ன மச்சான், இந்தப் பனிக்குள்ளை நீங்கள் ஏன் வெளிக்கிட்டு வந்தனீங்கள்?"

"சிறிதேவி எடுத்தவள். பிழை பிடிச்சாச்சு லிங்கம். இந்தக் கண்ணாடிக்குப் பின்னாலைதான்."

"ஐயோ, அதைத் தொடாதேங்கோ. அந்த அலங்காரப் பெட்டை அளந்து அடையாளம் வைச்ச இடம். பிறகு திரும்ப மாட்டேலாது." பூக்களைச் சிறிதேவியிடம் கொடுத்தான். "நான் ஆளுக்குச் சொல்லிப்போட்டன். ரெண்டு மணிக்கு எலக்ரீசியன் வருவா. நீங்கள் மேலை வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்."

அப்போது மணி ஒன்று ஐம்பது. நாங்கள் மேலே போகவில்லை. என் கணவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதே ஏதோ விளங்கத் தொடங்கியது.

வந்த எலக்ரீசியன் ஒரு தமிழ்ப் பிள்ளை. கம்சிகா என்று பெயர். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும்; முழங்காலில் பட்டை வைத்த வேலைக் காற்சட்டை, இடுப்பில் கருவிப் பை, வாசலில் கம்பனி வான். கோயிலில் யாரையோ விசாரித்து, தமிழ்ப் பிள்ளை என்றால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பாள் என்ற எண்ணத்தில்தான் சோதிலிங்கம் அவளைப் பிடித்திருக்க வேண்டும். வந்த உடனேயே அது நடக்காது என்று தெரிந்துவிட்டது.

"அங்கிள் தனியா வரச் சொன்னீங்கள். நான் அப்பிடி வாறதில்லை. கம்பனி மூலமாத்தான்," என்றாள் சோதிலிங்கத்திடம். பிறகு பெட்டியைப் பார்த்தாள். "இதைத் திறந்தது ஆர்?"

"நான்தான் பிள்ளை," என்றார் என் கணவர்.

"இது சட்டப்படி பிழை, அங்கிள்."

"தெரியும்."

"இவர் வைஃபின்ரை அண்ணை," என்று சோதிலிங்கம் குறுக்கிட்டான். "சும்மா விசிற்றுக்கு வந்தவர்."

கம்சிகா வயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "வயரிங் ஆர் செய்தது? பேப்பர் இருக்கோ? செய்த கம்பனி, விதிப்படி செய்தம் எண்டு எழுதிக் குடுக்கிற பேப்பர்."

"பேப்பர் இல்லை தங்கச்சி. அது அந்த நேரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் செய்தது. உஃபாக்லார்ட். எங்களுக்கும் அப்ப ஒண்டும் தெரியாது."

உஃபாக்லார்ட் என்றால் தொழில் கற்காதவன் என்று அர்த்தம். என் கணவர் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் கொஞ்சமும் ஆடவில்லை. நான் சிறிதேவியைப் பார்த்தேன். அவள் ரியூலிப் பூக்களின் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை," என்றார் என் கணவர், "ஜன்னல் பக்கத்துக் கடைசித் துண்டிலைதான் பிழை. மெகர் வைச்சுப் பாத்திட்டன்."

அவள் தலையாட்டினாள். ஆனால் நம்பி விட்டுவிடவில்லை. தன் கருவியை எடுத்து முதலிலிருந்து எல்லாவற்றையும் தானே சோதித்தாள். அதற்காக எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவளும் அதே பிளக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"கண்ணாடியைக் கழட்ட வேணும்."

இந்த முறை சோதிலிங்கம் மறுக்கவில்லை. நாங்கள் மூன்று பேராகப் பிடித்து இறக்கினோம். சுவரில் இரண்டு நீளத் திருகாணிகள். ஒன்று பிளக்குக்கு நேர் மேலே. அவள் அதை மெல்லத் திருகி எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தாள். நுனியில் செப்பு மினுங்கியது. கீழே, தரையின் ஓரத்தில், கூட்டாமல் விட்ட புதுச் சுவர்த் தூள்.

"வயருக்குள்ளாலை போயிருக்கு. எப்ப மாட்டினது?"

"வியாழக்கிழமை பின்னேரம்," என்றாள் சிறிதேவி. சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

"சிக்ரிங் எப்ப விழுந்தது?"

சிறிதேவி சோதிலிங்கத்தைப் பார்த்தாள். அதனால் நான் சொன்னேன்: "அதுவும் வியாழக்கிழமை பின்னேரம்தான். காலமை ஃபோனிலை சிறிதேவி சொன்னவ."

சோதிலிங்கத்தின் கழுத்து சிவந்தது. டிரில் சுவருக்குள் போன அந்தக் கணமே விளக்கு அணைந்திருக்கும். அவனுக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் இரண்டு நாள் ஒன்றும் தெரியாதவன்போல இருந்திருக்கிறான்.

"வயர் அதுக்குள்ளாலை போகுதெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?" என்று வெடித்தான்.

"பெட்டிக் கதவிலை படம் ஒட்டி வைச்சனான், லிங்கம்," என்றார் என் கணவர்.

கம்சிகா திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு சோதிலிங்கத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தாள்.

"இந்தத் துண்டை மாத்தலாம்," என்றாள் கடைசியில். "ஆனா கீழ்வீடு முழுக்கப் பேப்பர் இல்லாத வயரிங். ஒண்டைத் திருத்திப்போட்டு மிச்சத்துக்கும் நான் கையெழுத்து வைக்கேலாது. பெட்டியிலை வயரை நான் கழட்டித்தான் விடுவன். முழுக்கப் புதுசா இழுத்தால்தான் பேப்பர் தரலாம். அதுக்கு ரெண்டு கிழமை ஆகும்."

"தங்கச்சி, நாளைக்கு விஸ்னிங்!"

"ஓம் அங்கிள். ஆனா பத்தி எரிஞ்சால் என்ரை பேர்தான் நிக்கும்."

என் கணவர் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சின்னப் பிள்ளை வாத்தியாரிடம் கேட்பதுபோலக் கேட்டார், அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

"பிள்ளை, வேலையிலை ஏதும் பிழை கண்டனியோ?"

அவள் திறந்து கிடந்த இணைப்புப் பெட்டிகளை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். "பிழையெண்டு நான் ஒண்டும் காணேல்லை அங்கிள். ஆனா நான் அப்பிடிச் சொன்னதெண்டு நீங்கள் ஒரு இடத்திலும் சொல்லேலாது."

பிறகு ஒரு தகட்டுக் கணினியில் அறிக்கை எழுதினாள். 'கண்ணாடி மாட்டிய திருகாணி வயரைத் துளைத்துள்ளது. கீழ்த்தள மின்சுற்றுக்கு ஆவணம் இல்லை. துண்டிக்கப்பட்டது.' மூன்றே வரி. அவர்களுக்கு அனுப்பிவிட்டு, எங்களிடம் விடைபெற்றுக்கொண்டு போனாள். ஏழாம் நம்பரில் சிவப்பு ஒட்டி ஒன்று மிஞ்சியது.

அத்தோடு நாங்கள் கிளம்பியிருக்கலாம். சிறிதேவி தேத்தண்ணி வைத்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் எலுமிச்சம்பழக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவள் மடிக்கணினியைத் திறந்தாள். விற்பவர்கள் வீட்டைப் பற்றித் தங்களுக்குத் தெரிந்த குறைகளை எழுதிக் கொடுக்கிற படிவம் ஒன்று இருக்கிறது. மின்சார விஷயத்தை அன்று பின்னேரத்துக்குள் திருத்தி எழுதி அனுப்பச் சொல்லி வீட்டுப் புரோக்கர் சொல்லியிருந்தாராம். அந்த வீட்டில் நோர்வேஜிய மொழி நன்றாக எழுதுகிறவள் சிறிதேவிதான்.

நான் அவள் பின்னால் நின்றேன். முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருடம் நோயாளர் குறிப்பு எழுதியவள் நான். எனக்கும் வாசிக்கத் தெரியும்.

மின்வேலை செய்தவர் யார் என்று கேட்டு இரண்டு கட்டம். தொழில் கற்றவர், தொழில் கற்காதவர். அவள் இரண்டாவதில் புள்ளடி போட்டாள். அதற்கு மேல் கட்டம் இல்லை. அதில் நான் குறை சொல்ல முடியாது. ஆனால் கீழே விவரம் எழுத இடம் இருந்தது. அவள் நிறுத்தாமல் எழுதினாள்: 'கீழ்த்தள வயரிங் தகுதியில்லாத உறவினர் ஒருவரால் செய்யப்பட்டது. அதில் கோளாறு ஏற்பட்டதால் துண்டிக்கப்பட்டுள்ளது.'

"சிறிதேவி," என்றேன், "ஸ்குரூவைப் பற்றி எழுதேல்லையே?"

"அது தேவையில்லை மச்சாள்."

"கோளாறு அதாலைதானே வந்தது?"

"அப்பிடி எழுதினால், நாங்களே உடைச்சதெண்டு பிறகு வாங்கிறவை வழக்குப் போடுவினம். இப்பிடி எழுதினால் ஆருக்கும் பாதிப்பில்லை. அண்ணையின்ரை பேரே இதிலை இல்லை."

"உறவினர் எண்டு இருக்கு."

"எத்தினை உறவினர் இருக்கினம்!"

என் கணவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். நாங்கள் கதைத்தது எல்லாம் அவருக்குக் கேட்டது. அவளைப் பார்த்து, "வாசிச்சுக் காட்டு," என்றார்.

அவள் வாசித்தாள். நோர்வேஜிய மொழியில், வேகமாக, அரசாங்கக் கடிதம் வாசிப்பதுபோல.

"சரி," என்றார் அவர்.

அவள் அனுப்புகிற பொத்தானை அழுத்தினாள்.

இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது. நாங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது சோதிலிங்கம் வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "மச்சான், ஒரு சின்ன உதவி," என்றான். "அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட்டிட்டு, மற்றதைத் திரும்பக் கொழுவிவிடுங்கோவன். நாளைக்கு ஒரு மணித்தியாலம் வெளிச்சம் வந்தால் போதும். சனம் போனாப்பிறகு கழட்டிவிடலாம். உங்களுக்கு இது அஞ்சு நிமிச வேலை."

"உஃபாக்லார்ட் ஆளிட்டை ஏன் கேக்கிறியள்?" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"மச்சாள், அது எலக்ரீசியனுக்குச் சொன்ன கதை. வீட்டுக்குள்ளை எங்களுக்குத் தெரியாதே அண்ணையின்ரை கெட்டித்தனம்?"

சிறிதேவி அவன் பின்னால் நின்று, "எனக்காகச் செய்யுங்கோ அண்ணை," என்றாள். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. அவளுக்கு உண்மையிலேயே பயம். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவர் சப்பாத்துக் கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தார். இந்த இடத்தில் அவர் கத்த வேண்டும் என்று நான் விரும்பினேன். முப்பது வருடத்தையும் அந்த வாசலில் கொட்ட வேண்டும் என்று விரும்பினேன்.

"அந்தப் பிள்ளை கழட்டி, தன்ரை பேரைப் போட்டு வைச்சிட்டுப் போட்டுது," என்றார். "அதிலை நான் கை வைக்கமாட்டன், சிறிதேவி."

"ஆருக்கும் தெரியாது அண்ணை."

"எனக்குத் தெரியும்."

"ரெண்டாயிரத்துப் பதினொண்டிலை மட்டும் சட்டம் தெரியாதோ உங்களுக்கு?" என்றான் சோதிலிங்கம். குரல் மாறிவிட்டது. "அப்ப செய்யேக்கை உங்களுக்கும் ஆசைதானே? எங்களுக்காக மட்டுமே செய்தனீங்கள்?"

அது உண்மை. என் கணவர் தலையை ஆட்டினார், ஓம் என்பதுபோல. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் இறங்கினார். நான் பின்னால் போய்க் காரை இயக்கினேன். கதவு அடிபட்ட சத்தம் கேட்டது. யார் அடித்தார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வீடு அடுத்த செவ்வாய்க்கிழமையே விற்றுப்போனது. வாங்கினது ஒரு இளம் நோர்வேஜியத் தம்பதி. கீழ்த்தளத்தை முழுக்க இடித்துக் கொட்டிவிட்டு, உடற்பயிற்சி அறையும் சவுனாவும் கட்டப்போகிறார்களாம். மின்சாரம் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். இருட்டில் மெழுகுவர்த்தியோடு பார்த்துவிட்டு, 'இங்கே எல்லாவற்றையும் கழற்றத்தானே போகிறோம்' என்று சிரித்தார்களாம். இதையெல்லாம் கோயிலில் மூன்றாம் ஆள் சொல்லித்தான் கேட்டேன். அன்று இரவு என் கணவருக்குச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்ப பிரச்சினை இல்லை," என்றார்.

அதே மூன்றாம் ஆள் இன்னொன்றும் சொன்னார். பேப்பர் இல்லாமல் வயரிங் செய்து தங்கச்சியின் வீட்டு விற்பனையையே குழப்பப் பார்த்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கதை உலாவுகிறதாம். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் எப்படியோ தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் மேலே இருக்கிற சவிரிமுத்து அண்ணர், குசினி விளக்கு அடிக்கடி அணைகிறது, ஒருக்கால் வந்து பார் என்று பங்குனி மாதம் கேட்டபோது, "எனக்கு அந்த வேலை தெரியாது அண்ணை, கம்பனியைக் கூப்பிடுங்கோ," என்றார். சவிரிமுத்து அண்ணர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை.

மே மாதம், ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில், நகரும் படிக்குப் பக்கத்தில் சிறிதேவியைக் கண்டோம். கையில் திரைச்சீலைத் துணி. நாங்கள் கண்டதை அவளும் கண்டுவிட்டதால் விலக வழியில்லை.

"எப்பிடி அண்ணை?"

"சுகமா இருக்கிறன். உன்ரை முழங்கால் நோ எப்பிடி?"

"இருக்கு." துணியை மற்றக் கைக்கு மாற்றினாள். "புது வீட்டிலை எல்லாத்துக்கும் பேப்பர் இருக்கு. அப்பிடித்தான் பாத்து வாங்கினது."

"நல்லது."

"நீங்கள் அண்டைக்குச் செய்திருக்கலாம் அண்ணை. இவர் இண்டைவரைக்கும் சொல்லிச் சொல்லி என்னைக் குத்துறார், உன்ரை அண்ணை எங்களைக் கைவிட்டவர் எண்டு."

நான் வாயைத் திறந்தேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடி நோகுமளவுக்கு இறுக்கமாக இருந்தது.

"வீட்டை ஒருநாள் வா," என்று அவளிடம் சொன்னார்.

"பாப்பம்," என்றாள். படியில் ஏறினாள். படி அவளை மேலே கொண்டுபோகும்வரைக்கும் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஹவுகெட்டோ ரயில் நிலையத்தைத் தாண்டும்போதுதான், "சிறிதேவி நல்லா மெலிஞ்சுபோனாள்," என்றார்.

நான் வீதியைப் பார்த்துக் காரை ஓட்டினேன்.